மில்லுக்காரியும் தூசிக் குழாயும்

ஊருக்கு மணி சொல்லிக்கொண்டிருந்த ஆலைச் சங்கு ஒருநாள் பழுதாகி நின்றபோது அதைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை, மாவு மில்லுக்காரி வாயைத் திறந்தால் போதாதா என்று விட்டுவிட்டார்கள் என்பது அந்தத் தெருவில் உலவிய கதை. இன்னொன்றும் உண்டு. அவள் மில் வாசலில் நின்று தும்மிய தும்மலில் எதிர்க்கடைத் தையல்காரரின் கத்திரிக்கோல் வழுக்கிப் போய், முழுக்கால்சட்டைக்கு வந்த துணி அரைக்கால்சட்டை ஆகிவிட்டதாம். அந்த அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த மனிதரைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருப்பதால் இதை நம்பித்தான் ஆகவேண்டும்.

ஆகவே அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அதுக்குத்தானே பேரு?" என்பாள்.

பிறவியிலேயே வந்த குரல் அல்ல அது. கல்யாணமாகி அந்த மில்லுக்குள் காலெடுத்து வைத்தபோது அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மோட்டாரும் பெல்ட்டும் இரண்டு கல்லும் சேர்ந்து போட்ட கூச்சலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அந்தத் தொண்டை அப்படி ஆனது. கணவன் போன பிறகு மில்லை அவளே ஓட்டினாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தானியம் போடும் தொட்டியின் மேல் முகத்தைக் கவிழ்த்து, விழுகிற கோதுமையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வெள்ளை முதலில், மஞ்சள் அப்புறம், மிளகாய் கடைசி. இந்த வரிசையை ஊர்த்தலைவரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டாள். என்னதான் துடைத்தாலும் முன்னால் அரைத்தவர்களின் மாவு கல்லிடுக்கில் கொஞ்சம் தங்கி, அடுத்தவர் டின்னில் போய் விழும். மேல் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், கணக்கு சார் என்று பெயர், அதைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார்.

"என் கோதுமையில யாரோட சோளம்மா இது?"

"சார், இந்தக் கட்டடத்துல தன் மாவை மட்டும் தின்னவங்க யாரும் கிடையாது. உங்க கோதுமை இப்போ மெத்தைக்காரர் வீட்டுல வெந்துக்கிட்டு இருக்கும், போய்ப் பாருங்க."

தொட்டிக்கு நேர் மேலே தகரத்தில் குடை மாதிரி ஒரு மூடி தொங்கும். பறக்கிற தூசியை அதுதான் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து ஆள் தலை நுழைகிற அகலத்துக்கு ஒரு தகரக் குழாய் கிளம்பி, முதல் மாடிச் சமையலறை மூலை வழியாக, இரண்டாம் மாடிச் சமையலறை மூலை வழியாக, மொட்டை மாடிக்கு மேலே போய் மூச்சு விடும். வெளிச்சுவரில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடுவார் என்று பயந்து சங்குவின் மாமனார் செய்த ஏற்பாடு. மாவு கட்டிக்கொண்டால் குத்திவிட வசதியாக ஒவ்வொரு சமையலறையிலும் குழாயில் ஒரு சின்னக் கதவு உண்டு.

முதல் மாடியில், தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்த மெத்தைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற குடும்பம். மெத்தைக்காரர் லேசில் வாய் திறக்காதவர். அவர் மனைவி மெத்தை அக்காதான் சங்குவுக்கு உலகத்திலேயே இருந்த ஒரே சிநேகிதி. கணவன் இறந்த அன்று ஊரே வந்து ஒப்பாரி வைத்துவிட்டுப் போக, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, சங்குவின் தலைமயிரிலிருந்து மாவை ஒவ்வொரு இழையாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் அக்காதான்.

அக்காவின் சமையலறை அலமாரி எப்போதும் மாவு பூத்துக் கிடக்கும். "அந்தக் குழாய்க் கதவு சரியா மூடலை போலிருக்கே அக்கா, ஆளை வரச் சொல்றேன்" என்று சங்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அக்கா அவசர அவசரமாகத் தடுத்துவிடுவாள். அக்காவின் முக்காட்டுக்கு வெளியே தெரிகிற முன்மயிர் வேறு வரவர வெளுத்துக்கொண்டே போனது. வயசாகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டாள் சங்கு.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கு போகிற சபையின் பாஸ்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். "ஆண்டவர் உங்களுக்கு என்ன செஞ்சாரோ அதை அக்கம்பக்கத்துல ஒருத்தருக்காவது வாய் திறந்து சொல்லுங்க. வருஷம் முடியறதுக்குள்ள. யார் யார் சொல்றீங்க?" என்று கேட்டார். ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். சங்கு எழுந்தே நின்றாள்.

"நான் ரெண்டு வீட்டுக்குச் சொல்றேன் பாஸ்டர்!"

சபைக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோய், அதில் பாதி திரும்பி வரவேயில்லை என்கிறார்கள்.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, அன்று முதல் அவளுக்குப் பிடித்தது சனி. முதலில் கணக்கு சாரிடம் போனாள். அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றியில் வைத்த குங்குமம் காயாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி ஏனோ சமையலறை மூலையில் கிடந்தது.

"சார், உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம். நித்திய ஜீவனைப் பத்தி..."

சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்சூரன்ஸ் பாலிசியாம்மா? ஏற்கெனவே ரெண்டு இருக்கு. அதுக்கே மூச்சு முட்டுது."

சங்கு இறங்கி வந்துவிட்டாள்.

அக்காவிடம் போவது இன்னும் மோசமாக இருந்தது. அக்கா தலையணை உறைக்கு வாய் தைத்துக்கொண்டிருப்பாள். சங்கு எதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமுவாள். அக்கா ஊசியை நிறுத்திவிட்டுக் கண்ணை அகல விரித்து, "சொல்லு, சொல்லு" என்பாள், ஏதோ நெடுநாளாகக் காத்திருந்தவள் மாதிரி. அந்தப் பார்வையைக் கண்டதும் சங்குவுக்குப் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

"இல்ல... தலையணைக்கு எந்தப் பஞ்சுக்கா நல்லது?"

அக்காவின் முகம் சுருங்கிப்போகும். கேட்ட பாவத்துக்குச் சங்கு ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். வாரா வாரம் இதே கதை. கடைசியில் அவள் கட்டில் முழுக்கத் தலையணைகள் ஏறி உட்கார்ந்துகொண்டதால் அவள் தரையில் படுக்கவேண்டியதாயிற்று.

மோட்டார் ஓடும்போது ஊரையே எழுப்புகிறவளுக்கு, மோட்டார் இல்லாத அமைதியில் தன் குரலே பழக்கமில்லை. அது ஒன்று. மற்றது பயம். சொல்லி, அக்காவின் முகம் ஒரு நூலளவு மாறிவிட்டால்? நாளைக்குப் படியில் பார்க்கும்போது அக்கா சிரிக்க யோசித்துவிட்டால்? மனுஷிக்கு இருப்பது ஒரே ஒரு சிநேகிதி.

ஆனால் மில்லுக்குள் அவள் கதையே வேறு. காதில் பஞ்சு, காலடியில் மோட்டார், யாருக்கும் கேட்காது என்கிற துணிச்சல். தொட்டியின் மேல் குனிந்துகொண்டு ஆண்டவரிடம் அவள் பேசாத பேச்சு இல்லை. அதுவும் எப்படி? பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி.

"ஆண்டவரே, கணக்கு சார் பையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏற முடியாம மூச்சு வாங்குறாரு. வாய்விட்டுக் கேக்கமாட்டாரு, அழுத்தக்காரரு. யாரையாவது அனுப்பும்!"

மறுநாள் காலையில் பார்த்தால், வாய் திறக்காத மெத்தைக்காரர் சாரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார்.

"ஆண்டவரே, மெத்தைக்காரருக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஊசியில நூல் கோக்க முடியலை, பொண்டாட்டிகிட்ட சொல்லவும் வெட்கம்!"

அன்று சாயங்காலமே கணக்கு சார், "வீட்ல பொழுது போகலை" என்று மெத்தைக் கடையில் வந்து உட்கார்ந்து வரிசையாக ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

"அடேயப்பா! என்ன சுறுசுறுப்பு ஆண்டவரே உமக்கு!" என்று சங்கு வாயைப் பிளப்பாள். ஒருதடவை சும்மா விளையாட்டாக, "அந்த சாருக்குக் கொஞ்சம் சிரிக்கக் கத்துக்கொடும்" என்று கேட்டுவைத்தாள். அடுத்த வாரம் முழுக்க கணக்கு சார் படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்ட, தெருப் பிள்ளைகள் பயந்துபோய் வேறு வழியாகப் பள்ளிக்கூடம் போனார்கள்.

அப்புறம் அந்தச் சேதி வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. குழந்தையாக இருந்தபோது மில்லின் கோதுமை மூட்டை மேல் படுத்துத் தூங்கினால்தான் தூக்கம் வரும் அவனுக்கு, மோட்டார் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. பெரியவனானதும் இன்னும் பெரிய மோட்டாரைத் தேடிப் போய்விட்டான். அவன் போன கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது, தொடர்பு அறுந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. மெத்தைக்காரர் கடையில் உட்கார்ந்து ஒரே பஞ்சைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். அது புகையாகிப் பறக்கிற வரைக்கும் அடித்தார்.

சபையில் ஒரு அம்மாள் சங்குவின் காதோரம் வந்து, "இதுதான் சமயம். இப்போ போய்ச் சொன்னா மனசு இளகும்" என்றாள்.

சங்குவுக்கு வந்ததே கோபம். "வீடு பத்தி எரியுது, நீ போய்க் குளிர் காஞ்சுட்டு வான்னு சொல்றீங்களா? எங்க ஆண்டவருக்கு அப்படி ஆள் பிடிச்சுக் கொடுத்துத்தான் ஆகணுமா?" என்று கேட்ட கேள்வி மூன்று தெருவுக்குக் கேட்டது. அந்தக் கணமே முடிவுகட்டிக்கொண்டாள். அக்காவிடம் இனி இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கொடுத்த வாக்கு கெட்டால் கெடட்டும்.

மாடிக்குப் போனால் பக்கத்தில் உட்காருவாள், துணி மடித்துக் கொடுப்பாள், வந்துவிடுவாள். மில்லுக்குள் வந்து ஸ்விட்சைப் போட்டதும்தான் அணை உடையும். "அன்னைக்குப் படகுல போனப்போ தலையணையைப் போட்டுக்கிட்டுத் தூங்கினீராமே, புயல் அடிக்குதுன்னு உம்ம ஆளுங்க வந்து எழுப்பினாங்களே! இப்பவும் தூங்குறீரா? எழுந்திரும்! அந்தப் பையன் தண்ணியில கிடக்கான். எழுந்திரும் ஆண்டவரே! எங்கிட்ட நிறையத் தலையணை இருக்கு, அப்புறம் வந்து தூங்கும், இப்போ எழுந்திரும்!" அரைக்கிற தானியம் தீர்ந்தாலும் அவள் பேச்சு தீராது. அடுத்த டின்னை எடுத்துக் கவிழ்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் கோதுமை பாதியில் நிற்க, மோட்டாரிலிருந்து புகை வந்தது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிக் காயில் கட்டுகிறவர் வந்து மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள எல்லாம் கரியாப் போச்சும்மா. எடுத்துட்டுப் போறேன். கம்பி வெளியூர்லேருந்து வரணும். நீ கொஞ்ச நாளைக்கு வாயை மூடி ரெஸ்ட் எடு."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அப்படியே பலித்துவிட்டது. மில்லில் மயான அமைதி. சங்கு வழக்கம்போலத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள், குனிந்தாள், வாயைத் திறந்தாள். "ஆண்டவரே" என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ சளி பிடித்த குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது. அவளுக்கே வெட்கமாகப் போய் வாயை மூடிக்கொண்டாள். மனசுக்குள் வேண்டிப் பார்த்தாள். நடுவில் மிளகாய் மூட்டை ஞாபகம் வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

மாடியில் அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள். கதவைத் தட்டினால் திறப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். சங்கு பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் சங்கு தவித்தாள்.

ஒரு நடுப்பகலில் அக்கா தானாகவே இறங்கி மில்லுக்கு வந்தாள். அங்கே இருந்த காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"நிறுத்திட்டியே சங்கு" என்றாள்.

"என்னத்தைக்கா நிறுத்தினேன்?"

"எனக்குத் தெரியும். உங்க ஆண்டவர் உன்கிட்ட ஏதோ சொல்லிட்டாரு. பையன் போயிட்டான், இனிமே கேக்காதேன்னு சொல்லிட்டாரு. அதான் நிறுத்திட்ட. எங்கிட்ட சொல்ல மனசு வராம ஒளிஞ்சுக்கிட்டு இருக்க. பரவாயில்லை. சொல்லிடு. நீ சொன்னா நான் நம்பிக்குவேன்."

"ஐயோ, என்னக்கா பேசுற? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. மோட்டார் எரிஞ்சுபோச்சு, அதனால..."

அதனால் என்ன? சொல்லவந்த வாக்கியம் பாதியில் அறுந்து தொங்கியது. சங்குவுக்கு மெதுவாக, மிக மெதுவாக, உச்சந்தலையிலிருந்து ஏதோ இறங்குவது போலிருந்தது.

"நான் கேக்குறது... உனக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா கையைத் தூக்கி, தொட்டிக்கு மேலே தொங்கிய தகரக் குடையைக் காட்டினாள்.

சங்கு அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாகத் தன் தலைக்கு மேலேயே இருந்த அந்தக் கறுப்பு ஓட்டையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். மோட்டாரின் கூச்சல் கனமானது, தரையிலேயே உட்கார்ந்துகொள்ளும், மனுஷக் குரல் லேசானது, தூசியோடு தூசியாக மேலே ஏறிவிடும் என்று கணக்கு சார் பிற்பாடு ஒரு விளக்கம் கொடுத்தார். விஞ்ஞானம் அதை ஒத்துக்கொள்ளுமோ கொள்ளாதோ. தொட்டியில் முகம் கவிழ்த்து அவள் போட்ட ஒவ்வொரு சத்தத்தையும் அந்தக் குடை வாங்கி, அந்தக் குழாய் சுமந்து, இரண்டு சமையலறைகளில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"எல்லாமா?" என்றாள் சங்கு, ஈனக் குரலில்.

"எல்லாம்தான். என் குழம்புல உப்பு கூடுதல்னு அவர்கிட்ட புகார் சொன்னது உள்பட."

"அது புகார் இல்லக்கா, அது... நன்றி சொல்லிக்கிட்டே வரும்போது இடையில வந்துடுச்சு. சாருக்குமா கேக்கும்?"

"அவர் நாற்காலி எங்க கிடக்குன்னு பாத்ததில்லையா நீ? அடுப்பு அணைஞ்ச பிறகும் அந்த மனுஷனுக்குச் சமையல்கட்டுல என்ன வேலை?"

சங்குவுக்குச் சாரின் பை ஞாபகம் வந்தது. ஊசியில் கோத்த நூல் ஞாபகம் வந்தது. பல்லைக் காட்டிய அந்தப் பயங்கரச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"அப்போ... அதெல்லாம் நீங்கதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா? நான் ஆண்டவர்னு நெனச்சுக்கிட்டு..."

"நீ சொன்ன. எங்க காதுல விழுந்துச்சு. எங்க காதுலயே ஏன் விழணும்னு நீதான் அவரைக் கேக்கணும்."

சங்கு சுவரில் சாய்ந்துகொண்டாள். அக்கா சொல்லிக்கொண்டே போனாள்.

"கதவைத் திறந்து வச்சாத்தான் தெளிவாக் கேக்கும். அப்படியே மாவும் கொட்டும். கொட்டட்டும்னு தலையை உள்ள விட்டுட்டு நிப்பேன். பையன் சேதி வந்ததுலேருந்து எனக்குத் தொழுகையில உக்காந்தா வார்த்தை வரலை. கையை ஏந்துறேன், வாய் வரலை. உன் சத்தம் குழாய்ல வரும் பாரு, அப்போ என்னைப் படைச்சவன்கிட்ட சொல்லுவேன், 'இதோ இவ கத்துறாளே, இதையே என் கணக்குலயும் வச்சுக்கோ'ன்னு. அதை வச்சுத்தான் ஓடிக்கிட்டிருந்தேன். நீ நிறுத்தினதும் எனக்கும் நின்னுபோச்சு."

அக்காவின் முன்மயிர் ஏன் வெளுத்தது என்று சங்குவுக்கு அப்போது புரிந்தது. எட்டி விரலால் தொட்டாள். விரலில் மாவு ஒட்டியது. இத்தனை நாளும் வயசு என்று நினைத்தாளே.

"இப்போ கேளு" என்றாள் அக்கா. "என் முன்னாடியே கேளு."

சங்கு தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. "மோட்டார் இல்லாம எனக்கு வராதுக்கா" என்றாள், அழாத குறையாக.

அக்கா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த டின்னை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அடிக்க ஆரம்பித்தாள். கடகட, கடகட, கடகட. பஞ்சு அடித்துப் பழகிய வீட்டுக்காரி, சளைக்காமல் அடித்தாள். மில் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

"போதுமா? இன்னும் வேணுமா?"

சங்குவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அந்த முட்டலில் தொண்டை திறந்துகொண்டது.

"ஆண்டவரே!" என்று ஆரம்பித்தாள். பையனுக்காகக் கேட்டாள். பிறகு ஆண்டவரை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். தகரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். கணவன் செத்த பிறகு இந்த மில்லுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, ஆண்டவரே, நீர் இருக்கிறீரா இல்லையா என்று கத்திக் கேட்டதைச் சொன்னாள். கேட்டுக் கேட்டுத் தொண்டை புண்ணாகிப்போன ஒரு நாளில், யாரோ தனக்கு முன்னாலேயே வந்து அங்கே நின்றுகொண்டும் அழுதுகொண்டும் இருப்பதுபோல் உணர்ந்ததைச் சொன்னாள். "ஒண்ணும் பாக்கலைக்கா நான். வெளிச்சம் கிளிச்சம் எதுவும் இல்லை. ஆனா நான் கத்தினது ஒருத்தருக்குக் கேட்டுச்சு. அவருக்கும் வலிச்சுச்சு. அவர் இயேசுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. இதைச் சொல்லத்தான் அத்தனை தலையணை வாங்கினேன்."

படகுக் கதையையும் சொன்னாள். புயல், தண்ணீர் ஏறிய படகு, பின்பக்கத்தில் அசந்து தூங்கியவர், எழுந்து காற்றை அதட்டியது, கடல் அடங்கியது.

"அவரை எங்களுக்கும் தெரியும்டி" என்றாள் அக்கா. "மரியம் அம்மாவோட பிள்ளை. நாங்க நபின்னு மதிக்கிறோம்."

"எனக்கு அதுக்கும் மேலக்கா அவரு."

"தெரியும். குழாய்ல கேட்டிருக்கேன்." என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதே. அவர் எழுந்தாரு, சரி. அந்தப் படகுல அவரை எழுப்ப ஆள் இருந்துச்சு. என் பிள்ளை இருந்த கப்பல்ல யாரு இருந்தா எழுப்புறதுக்கு?"

சங்கு பதில் சொல்லத்தான் போனாள். ஆனால் சொல்லவந்த பதில் அவள் நெஞ்சுக்குள்ளேயே திரும்பி நின்று அவளைப் பார்த்தது.

"நான்தான்க்கா" என்றாள். "நான்தான் இங்கேருந்து எழுப்பிக்கிட்டே இருந்தேன். தினமும்."

அப்புறம்தான் கவனித்தாள். டின் சத்தத்தைக் காணோம். அக்காவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. எப்போது நின்றது என்று தெரியவில்லை. இவ்வளவு நேரமும் சங்கு, மோட்டாரும் இல்லாமல், தகரமும் இல்லாமல், வெறும் அமைதியில், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவின் முகம் ஒரு நூலளவும் மாறியிருக்கவில்லை.

அப்போது தலைக்கு மேலே குழாயில் டங், டங் என்று சத்தம் கேட்டது. கரண்டியால் தட்டுகிற சத்தம்.

"சங்கு!" கணக்கு சாரின் குரல் தகரம் பூசிக்கொண்டு இறங்கியது. "கடைசியில சொன்னது சரியாக் கேக்கலைம்மா. கொஞ்சம் சத்தமா!"

மறுநாளிலிருந்து மோட்டார் இல்லாமலேயே மில் திறந்தது. அரைக்க ஒன்றுமில்லை. சங்கு தொட்டிக்கு முன்னால் நிற்பாள், குடையைப் பார்த்து வேண்டுவாள். முதல் மாடியில் அக்கா கையை ஏந்தி நிற்பாள். இப்போதெல்லாம் அவளுக்கும் வார்த்தை வந்தது, அவளுடைய சொந்த வார்த்தை. மேல் மாடியில் சார் தன் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். சங்கு யாரையாவது விட்டுவிட்டால் கரண்டி தட்டும். "தையல்காரர் முதுகு வலி, மறந்துட்ட!"

பாஸ்டர் ஒருநாள் கேட்டார், "என்னம்மா, சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு பாஸ்டர். ஆனா நான் சொல்றேன்னு உங்ககிட்ட கையைத் தூக்கினேனே, அதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லியாச்சாம். எனக்குத்தான் தெரியலை" என்றாள். பாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

மோட்டார் வந்து சேர்ந்த காலையில் காயில் கட்டுகிறவர் கம்பிகளை இணைத்துவிட்டுக் கிளம்பினார். சங்கு பெல்ட்டை மாட்டினாள், கல்லைத் துடைத்தாள். பழக்கதோஷத்தில் இரண்டு காதிலும் பஞ்சை வைத்தாள். தொட்டியில் கோதுமையைக் கொட்டிவிட்டு ஸ்விட்சின் மேல் கையை வைத்தாள்.

அப்போது குழாய் பேசியது.

மேலேயிருந்து, தகரத்துக்குள் உருண்டு உருண்டு, எங்கோ வெகு தொலைவிலிருந்து வருவதுபோல ஒரு குரல். பஞ்சைத் தாண்டி அரைகுறையாகத்தான் விழுந்தது. ஆண் குரல், ஆனால் சாரின் குரல் இல்லை. சங்குவின் கை ஸ்விட்சிலேயே உறைந்துவிட்டது. இத்தனை காலமாக இங்கிருந்து மேலே போனதுண்டு. மேலேயிருந்து இந்த மாதிரி எதுவும் வந்ததில்லை. அவள் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"...கேக்குதா?" என்றது குழாய். "சித்தி... நான்தான். கேக்குதா?"

அவளைச் சித்தி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் உண்டு.

"அம்மா போனைக் குழாய்க்குள்ள நீட்டிட்டாங்க சித்தி. உங்ககிட்டதான் முதல்ல பேசணுமாம். நான் நல்லாயிருக்கேன். கால் மட்டும் உடைஞ்சிருக்கு. மீன்பிடிப் படகுக்காரங்க தூக்கினாங்க, ஏதோ ஒரு தீவு ஆஸ்பத்திரியில கிடந்தேன், எனக்கே நினைவில்லை... சித்தி? இருக்கீங்களா?"

ஊரை எழுப்பிய தொண்டைக்காரி வாயைத் திறந்தபடி தரையில் மண்டியிட்டிருந்தாள். குடையின் விளிம்பிலிருந்து மாவு மெல்ல உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏய் சங்கு!" அக்காவின் குரல், அழுகையும் சிரிப்புமாக. "எவ்வளவு நேரம் பிள்ளை காத்திருப்பான்? பேசேன்டி! டின்னைத் தட்டவா?"

மேலே கரண்டி டங் என்று தட்டியது. சாருக்கு வேறு எப்படி அழுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

சங்கு ஸ்விட்சைத் தொடவில்லை. குடையை நோக்கி முகத்தைத் தூக்கினாள்.

"கேக்குதுப்பா" என்றாள்.

ரகசியம் சொல்கிற அளவுக்குத்தான் வந்தது அந்தக் குரல். அது மொட்டை மாடிக்கு மேலேயும் கேட்டது என்று கணக்கு சார் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார்.